நட்பின் விலையைக் கொடுப்பவர் யார்?
கரிசல் நிலமும் சாதி கடந்த நட்பின் திரைச் சித்திரிப்பும் (1959–2025)

மணியாச்சிச் சந்திப்பை வரலாற்று நூல்கள் ஒரே ஒரு தேதியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன: 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இருந்த பிளவுக்கு அந்த ரயில் நிலையம் சாட்சி. அதைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் ஊர்களோ அதற்கும் முந்திய, இன்றுவரை தீராத வேறொரு பிளவுக்குச் சாட்சி. அந்தப் பிளவைத் தாண்டிய நட்பைத் தமிழ்த் திரை எப்படிக் காட்டி வந்தது, அந்தக் காட்சி எதனால் மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பி.ஆர். பந்துலுவிடமிருந்து தொடங்கலாம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) இரண்டின் நாயகர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்: பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம். பின்னர் வந்த ‘கர்ணன்’ (1964) இந்த மண்ணின் கதையல்ல. ஆனாலும் சாதி கடந்த நட்புக்குத் தமிழ்த் திரை வைத்துக்கொண்ட மூல வார்ப்பு அதுதான். தேரோட்டி மகனைப் பார்த்து அரங்கத்தில் குலம் கேட்கிறார்கள். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அவனைத் தலைகுனியவிடாமல் காக்கிறான். அன்றிலிருந்து அந்த நட்பு செஞ்சோற்றுக் கடனாகிவிடுகிறது. கொடுத்தவனுக்கு நாடுகளில் ஒன்று குறைந்தது. வாங்கியவனுக்கு உயிரே போனது. மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) உடுப்பை மாற்றியது, கணக்கை மாற்றவில்லை.

இந்தக் கணக்கு திரைக்கு வெளியே எப்படி நடந்தது என்பதற்குக் கரிசலிலேயே ஒரு சான்று இருக்கிறது. கட்டபொம்மன் படையில் முன்னின்ற சுந்தரலிங்கம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுல வேளாளர். கம்பளத்து நாயக்கரான பாளையக்காரருக்கும் அவருக்கும் இருந்த பிணைப்பை இந்த வட்டாரம் மறந்ததில்லை. கட்டபொம்மன் பெயரிலான போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் எழுபதுகளிலிருந்து நெல்லைச் சீமையில் ஓடின. எந்தச் சாதிக்காரரும் ஏற மறுத்ததாகச் செய்தி இல்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம்’ அறிவிக்கப்பட்டதும் ஆதிக்கச் சாதியினர் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அந்த ஆண்டு ஜூலையில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் சேர்ந்தே இறங்கினார். தளபதியாய் இருக்கிறவரை சுந்தரலிங்கத்தைக் கொண்டாடியவர்களுக்கு, அவர் பெயர் அதே நெற்றிப் பலகையில் அதே எழுத்தளவில் வந்தது பொறுக்கவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன்னால், 1995 ஆகஸ்ட் 31 அன்று, மணியாச்சி வட்டாரத்துக் கொடியன்குளத்தில் சுமார் 600 போலீஸார் புகுந்து வீடுவீடாக நொறுக்கினார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் நிமிர்ந்த தலித் ஊர் அது. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டதாக ஊரார் சொன்னார்கள். என் வாதத்துக்கு இந்த விவரம் முக்கியம். தானமாக வராத, சொந்தமாகச் சம்பாதித்த சமத்துவத்தின் காகிதங்கள் அவை.

இவற்றுக்குப் பிறகு பழைய கர்ணன் நட்பை அப்படியே எடுக்க முடியாது. இயக்குநர் மாரி செல்வராஜ் எடுக்கவும் இல்லை. பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பில் 2018 செப்டம்பரில் வந்த ‘பரியேறும் பெருமாள்’, நெல்லைச் சட்டக் கல்லூரியில் பரியனுக்கும் ஜோ என்கிற ஜோதி மகாலட்சுமிக்கும் முளைக்கும் நட்பைச் சொல்கிறது. அவள் அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். அக்கா கல்யாணத்துக்கு அழைக்கிறாள். மண்டபத்தில் அவளுடைய உறவினர்கள் அவனை அறைக்குள் போட்டு அடித்து, மேலே சிறுநீர் கழிக்கிறார்கள். அவன் அதை அவளிடம் சொல்வதே இல்லை. கடைசிவரை.

படத்தைப் புகழ்ந்தவர்கள் பலரும் ஜோவின் வெள்ளை மனதைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த வெள்ளை மனதுதான் உறுத்துகிறது. 1958இல் ஸ்டான்லி கிரேமர் எடுத்த ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ படத்தில், ஒரே சங்கிலியில் கட்டப்பட்ட கறுப்பினக் கைதியும் வெள்ளைக் கைதியும் தப்பி ஓடுகிறார்கள். முடிவில் ரயிலைப் பிடித்துவிட்ட கறுப்பினக் கைதி (சிட்னி பாய்ட்டியர்), ஏற முடியாமல் போன வெள்ளை நண்பனுக்காகக் கீழே குதிக்கிறார். வெள்ளையர் அரங்கில் நிம்மதி. ஹார்லெம் அரங்கிலோ, திரும்ப ரயிலில் ஏறச் சொல்லிக் கத்தினார்கள் என்று ஜேம்ஸ் பால்ட்வின் எழுதியிருக்கிறார். நட்பைக் காப்பாற்றும் செலவு எப்போதும் ஒரு பக்கத்துக் கணக்கிலேயே எழுதப்படுகிறது. பரியனின் மௌனமும் அந்தக் கணக்குத்தான். ஒரு வேறுபாடு உண்டு: கிரேமர் அதை நட்பின் உச்சமாகக் காட்டினார், மாரி செல்வராஜ் அதைக் காயமாகக் காட்டுகிறார். இறுதிக் காட்சியில் ஒரு கிளாஸில் பால் டீ, இன்னொன்றில் கட்டன் டீ, நடுவே ஒரு பூ. டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சட்டகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2021 ஏப்ரலில் அவருடைய ‘கர்ணன்’ வந்தது. கொடியன்குளம் பொடியன்குளமானது, சண்டை பஸ் நிற்காததில் தொடங்கியது. கதை நடக்கும் ஆண்டாக முதலில் 1997 காட்டப்பட, 1995 நிகழ்வை வேறு ஆட்சிக் காலத்துக்குத் தள்ளுவதாக எதிர்ப்பு வந்து அது திருத்தப்பட்டது. கொடியன்குளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பு நியாயம்தான். பஸ்ஸை வைத்துப் பார்த்தால் 1997உம் இந்தக் கரிசலில் சும்மா வந்து போன ஆண்டல்ல. இதைவிட முக்கியமான மாற்றம் பெயர்களில் இருக்கிறது. இங்கே துரியோதனன் அரசனல்ல, கர்ணனின் சொந்த ஊர்ப் பெரியவர். அந்தப் பெயரை வைத்திருப்பதே குற்றம் போல அவர் போலீஸிடம் அடிபடுகிறார். அங்க நாட்டைக் கொடுக்க யாரும் வரவில்லை. ஆதிக்கச் சாதியினரின் ஊரான மேலூரிலிருந்து ஒரு நண்பன்கூட இல்லை. அந்த வெற்றிடம் கைதவறி நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மணத்தி கணேசனின் கபடி வாழ்விலிருந்து உருவான அவருடைய ‘பைசன்’ (2025) படத்தில் மறுபக்கத்திலிருந்து ஒரு கை மீண்டும் நீள்கிறது. ஆனால் நீட்டுபவர் பகை அணியின் பெரிய மனிதர், நண்பரல்லர்.

ஆக, அறிந்து கொடுத்த துரியோதனன் திரையில் உண்டு, அறியாமல் பழகிய ஜோவும் உண்டு. தன் வீட்டார் செய்ததை முழுக்க அறிந்து, அதற்கான விலையைத் தானே கொடுக்கும் நண்பனைக் கரிசல் படங்களில் நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கதையையும் மாரி செல்வராஜே எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அது மேலூர்க்காரர்கள் எழுத வேண்டிய திரைக்கதை.