நார்த்தாமலை

நார்த்தாமலை தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூரும் அதைச் சூழ்ந்த குன்றுத் தொடரும் ஆகும். இது புதுக்கோட்டை நகரின் வடமேற்கே, திருச்சிராப்பள்ளி செல்லும் வழியில் உள்ளது. இங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா புகழ்பெற்றது. ஆயினும் மேலமலையில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் பலரும் அறியாதவை.

குன்றுகள்

மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை முதலியன இத்தொடரில் அடங்கும். நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை என மருவியதாகக் கூறுவர். இங்கு 'நகரத்தார்' என்பது பழங்கால வணிகர் அவையைக் குறிக்கும். இவ்வூர் இடைக்காலத்தில் தெலுங்குகுலகாலபுரம் என்னும் வணிக நகரமாக விளங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

விசயாலய சோழீசுவரம்

மேலமலையில் மேற்கு நோக்கி அமைந்துள்ள கற்றளி இது. கருவறை வட்ட வடிவமானது; அதைச் சூழ்ந்த வெளிச்சுவர் சதுர வடிவமானது. சிகரமும் வட்டமாகவே உள்ளது. முதன்மைக் கோயிலைச் சுற்றி எட்டுத் துணைக் கோயில்கள் இருந்தன. அவற்றுள் ஆறு எஞ்சியுள்ளன.

பெயரைக் கொண்டு இக்கோயிலைச் சோழ மன்னன் விசயாலயன் கட்டினான் எனக் கருதுவோர் உள்ளனர். ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியிலுள்ள கல்வெட்டு வேறு செய்தியைத் தருகிறது. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்த கோயில் மழையால் சேதமுற்றது என்றும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. சாத்தன் பூதி முத்தரையர் குலத் தலைவன் எனக் கருதப்படுகிறான். விசயாலயன் தஞ்சாவூரை முத்தரையரிடமிருந்தே கைப்பற்றினான் என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்தாகும். எனவே வென்றவனின் பெயரைத் தாங்கி நிற்கும் இக்கோயில், தோற்ற குலத்தவரின் பணியாகத் தோன்றுகிறது.

குடைவரைகள்

விசயாலய சோழீசுவரத்தின் எதிரே இரு குடைவரைகள் உள்ளன.

பழியிலி ஈசுவரம்: சிறிய சிவன் குடைவரை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி இதைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபம், இடப மண்டபம், பலிபீடம் ஆகியவற்றை அமைத்து நிலக்கொடையும் அளித்தாள். ஒரு பெண்ணின் திருப்பணி அவள் பெயருடனேயே பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது.

சமணர் குடகு: இரண்டனுள் பெரியது. இதன் பெயர் சமணரை நினைவூட்டினாலும், உள்ளே ஒன்றைப் போலவே செதுக்கப்பட்ட பன்னிரண்டு பெரிய திருமால் உருவங்கள் காணப்படுகின்றன. சமணர் இருப்பிடமாக இருந்த குகை பின்னர் வைணவக் கோயிலாக மாற்றப்பட்டது என்பர். 13ஆம் நூற்றாண்டில் இது பதினெண்பூமி விண்ணகரம் எனப்பட்டது. பதினெண்பூமி என்பது வணிகர் குழுக்களோடு தொடர்புடைய சொல்லாகும். முன் தளத்தின் அடிவரிசையில் யானை, யாளி உருவங்கள் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன.

கடம்பர்மலை

கடம்பர்மலை அடிவாரத்தில் சோழர் காலச் சிவன் கோயில் உள்ளது. மேலமலைக் கோயில்களைக் காண வருவோர் இதையும் கண்டால், முத்தரையர் காலம் தொட்டுச் சோழர், பாண்டியர் காலம் வரை இவ்வூர் பெற்ற வளர்ச்சியை அறியலாம்.

வரலாற்று முக்கியத்துவம்

முத்தரையர் தமக்கென விரிவான வரலாற்று நூல் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றி அறியப்படுவதில் பெரும்பகுதி கல்வெட்டுகளிலிருந்து பெறப்பட்டதே. ஆகவே இக்குன்றுகளின் பாறைகளும் சுவர்களும் கட்டடங்கள் மட்டுமல்ல, அக்குலத்தின் வரலாற்று ஆவணங்களும் ஆகும். ஓரிரு வரிகள் சிதைந்தாலும் கோயிலை எடுப்பித்தவரின் பெயரே மறைந்துவிடக்கூடும்.