பாவா வழியும் மாமா வழியும்: இப்னு பதூதா ஏறிய மலை

ஹிஜ்ரி 745ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1344இல், மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட கப்பலொன்று திசைமாறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதிலிருந்தவர் தஞ்சீரைச் சேர்ந்த இப்னு பதூதா. அவர் 'பத்தாலா' என்று எழுதிய பட்டினம் புத்தளம் என்பர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது. அவன் முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, பயணி கேட்டது ஒன்றைத்தான்: ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும்.

மலைநாட்டு முஸ்லிம்களின் முதியவர்கள் அதை 'பாவா ஆதம் மலை' என்பார்கள். சிங்களவர் ஸ்ரீபாத என்றும் சமனல என்றும் சொல்வர். தோட்டத்துத் தமிழருக்கு அது சிவனொளிபாதமலை. ஆங்கிலேயரின் வரைபடமும் ஆதமின் பெயரைத்தான் தாங்கியது. அது அவர்கள் கண்டுபிடித்த பெயரல்ல. அரபுக் கடலோடிகளிடமிருந்து கைமாறி வந்தது. கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபு நூலொன்று ஸரந்தீபின் மலையையும் அதிலுள்ள பாதத்தையும் பேசுகிறது. அந்நூல் பாதத்தின் நீளத்தை எழுபது முழம் என்கிறது. மற்றக் கால் கடலில் இருந்ததாம்! ஐந்நூறு ஆண்டு கழித்து நேரில் வந்த இப்னு பதூதாவோ பதினொரு சாண் என்கிறார். கேள்விப்பட்டவனுக்கும் பார்த்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அது.

அவருடைய ஏற்றம் தனிப்பயணமன்று. மன்னன் பல்லக்குக் கொடுத்தான். வருடாவருடம் பாதத்துக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே உடன் அனுப்பினான். ஒரு மௌலவி பிள்ளையை, இந்து மன்னனொருவன் தன் யோகிகளை வழித்துணையாக்கி, ஒரு நபியின் பாதத்தைக் காண அனுப்பி வைத்தான் என்ற இந்தச் செய்தியைப் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும்.

வழியில் அவர் 'குனகார்' என்ற தலைநகரைத் தொடுகிறார். குருணாகல் என்று பலர் சொல்வர். கம்பளை என்பாரும் உளர். அந்நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்கு வழிகாட்டுவது அவருடைய பணி. ஒரு பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் துண்டிக்கப்பட்டன. கொலைத் தண்டனையே விதி. அவர்மீதிருந்த மரியாதையால் தண்டனை குறைக்கப்பட்டதாம். பின்னர் ஒரு சந்தையின் வருமானமும் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டிகளானார்கள். இந்தப் பத்தியை நல்லிணக்கத்துக்கு உதாரணமாக மட்டும் காட்டுவோரும், கொடுமைக்கு உதாரணமாக மட்டும் காட்டுவோரும் பாதியைத்தான் வாசிக்கிறார்கள். வெட்டிய நாடும் சந்தையைக் கொடுத்த நாடும் ஒன்றே.

மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி, ஆதமும் ஹவ்வாவும். மாமா வழி இலேசானது. யாத்திரிகர் அதனால் இறங்குவர். அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எண்ணமாட்டார்கள். பாவா வழி செங்குத்து. முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். அடிவாரத்து வாசலில் இரண்டு, அதன்பின் அடுத்தடுத்து ஏழு, பத்தாவது 'ஷஹாதாச் சங்கிலி'. அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவன் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவதால் அந்தப் பெயர். அங்கிருந்து ஏழு மைல் போனால் ஹிழ்ர் (அலை) அவர்களின் குகை. யாரும் பிடிக்காத மீன்கள் நிறைந்த ஊற்று. பாதையின் இருபுறமும் பாறையில் குடைந்த தொட்டிகள். பொருட்களைக் குகையில் வைத்துவிட்டு மேலும் இரண்டு மைல் ஏறினால் பாதம். காலையும் மாலையுமாக மூன்று நாட்கள் சென்று பார்ப்பது வழக்கம்.

இந்த விபரங்களை அவர் பதினொரு ஆண்டுகளின் பின், 1355இல், மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸை எழுதினார். ஆகவே எதை நம்புவது, எதை விடுவது என்ற கேள்வி எப்போதும் உண்டு. நான் சோதித்துப் பார்க்கக் கூடியவை மூன்று இருந்தன: கடலில் ஒன்பது நாள் தூரத்திலிருந்தே மலை புகைத்தூண் போலத் தெரிந்தது என்றது, ஏறியபோது மேகங்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்தன என்றது, மலைக்காட்டில் உள்ளங்கையளவு சிவந்த ரோஜா பூக்கிறது, அதன் இதழில் அல்லாஹ்வின் பெயரும் நபியின் பெயரும் எழுதியிருப்பதாக மக்கள் சொல்கிறார்கள் என்றது.

பட்டிப்பொலவில் இருப்பவனுக்கு இம்மூன்றும் வாசலிலேயே கிடைக்கின்றன. 1893இல் தண்டவாளம் இவ்வூரைத் தாண்டி அப்புத்தளையை எட்டியது. நாட்டில் மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம் எங்களுடையது. 6200 அடிக்கு மேல். இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் பாதையோரத்திலேயே தொட்டுபொல கந்த நிற்கிறது. 2357 மீற்றர், பிதுருதலாகலைக்கும் கிரிகல்பொத்தைக்கும் அடுத்து இலங்கையின் மூன்றாவது உயர்ந்த மலை. பாவா ஆதம் மலையைவிட நூறு மீற்றருக்கு மேல் உயரம். இராவணனின் தண்டு மொனர விமானம் இறங்கிய துறை இது என்று சிங்கள மக்கள் சொல்வர். இங்கும் ஓர் இறக்கத்தின் கதை!

ஒரு விடுமுறை நாளில் சுபஹுத் தொழுதுவிட்டுத் தனியே புறப்பட்டேன். பிள்ளைகளைக் கூட்டிச் சென்றால் எண்ணிக்கை பார்ப்பதிலேயே நாள் போய்விடும். உருளைக்கிழங்குத் தோட்டங்கள் முடியும் இடத்தில் குளிர் மாறுகிறது. தார்ப்பாதையை விட்டு மலைப்பாதையில் திரும்பியதும் பாசி படர்ந்த கீன மரங்களும் குட்டை மூங்கிலும் இருபுறமும் நெருங்கிவிடுகின்றன. ஒற்றையாளாக நடக்கையில் மனிதன் தன் மூச்சைத்தான் முதலில் கேட்கிறான். சரிவு பெரிதன்று, உயரத்தின் காற்றுத்தான் நாற்பதைத் தாண்டிய நெஞ்சைச் சோதிக்கிறது. சங்கிலி எதுவும் இல்லாமலே இரண்டு இடங்களில் கலிமா வாயில் வந்தது.

மேலே போகப்போக அந்தப் பூ தெரிந்தது. சிங்களத்தில் மஹ ரத்மல்; தாவரவியலார் ரொடோடென்ட்ரன் என்பார்கள். தூரத்தில் பார்த்தால் முறுக்கிய மரத்தில் சிவப்பு ரோஜாக் கொத்து. இப்னு பதூதாவின் ரோஜா இதுவே என்று ஆய்வாளர் ஊகித்தது சரியென்றே எனக்குப் படுகிறது. பூவின் உட்புறத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் உண்டு. எழுத்தை எதிர்பார்த்து வந்தவனுக்கு அவை எழுத்தாகியிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் 'வாசித்தேன்' என்று எங்கும் சொல்லவில்லை. 'சொல்கிறார்கள்' என்றே சொல்கிறார். அவதூறாக அவரைப் பொய்யர் என்போர் அந்த வினைச்சொல்லைப் பார்ப்பதில்லை.

உச்சியில் நின்றபோது மேகம் கீழே கிடந்தது. மேற்கே, சற்றுத் தெற்காக, நேர்கோட்டில் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு அப்பால், வெண்மைக்கு மேலே ஒரு கூர்முனை. 2243 மீற்றர்தான், சுற்றியுள்ள மலைகளிலிருந்து விலகித் தனித்து நிற்பதால் உயரமானவற்றையெல்லாம் அது சிறிதாக்கிவிடுகிறது. கடலோடிகள் ஏன் பிதுருதலாகலையை விட்டுவிட்டு இதனைக் கண்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

என் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், அது குர்ஆனில் இருக்கா?" இல்லை. இறங்குங்கள் என்ற கட்டளை இருக்கிறது, இடம் சொல்லப்படவில்லை. இறங்கியது ஹிந்து தேசத்தில் என்ற அறிவிப்புகளை கி.பி. 923இல் மறைந்த தபரீ தொகுத்திருக்கிறார். அவை அறிவிப்புகளே, அகீதா அல்ல. பாதத்தை வணங்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் நம்மவர் நடந்தார்கள் என்பதையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் நம் இளைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2013இல் கூரகலவில் ஜெய்லானிப் பள்ளியை அகற்றச் சொல்லிக் கோஷம் எழுந்தபோது, நமக்கு அங்கே என்ன வரலாறு என்று நம்மவர்களே கேட்டதைக் கேட்டேன். வெளியார் அழிப்பதற்கு முன்பே நாம் மறந்துகொடுத்துவிடுகிறோம்.

உரிமை கோருவதற்காகவும் இதைச் சொல்லவில்லை. முதலாம் விஜயபாகு யாத்திரிகருக்காகக் கிலீமலை ஊரை மானியமாக விட்டது இப்னு பதூதாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு. சீதாவக்கை இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்ததை மகாவம்சம் மனக்கசப்புடன் குறிக்கிறது. பின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் பிக்குகளிடம் திருப்பினான். சாவி கைமாறியது, ஏறியவர்கள் எல்லாக் காலத்திலும் கலந்தே ஏறினார்கள். இப்னு பதூதாவே சொல்கிறார்: பாதத்தருகே பாறையில் ஒன்பது குழிகள், பிற சமய யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவர், நமது ஃபக்கீர்கள் ஹிழ்ர் குகையிலிருந்து ஓட்டப்பந்தயமாக ஓடி அவற்றை எடுத்துக்கொள்வர்! தமக்குச் சில சிறு கற்களும் கொஞ்சம் பொன்னுமே கிடைத்தன, வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதுகிறார்.

மாமா வழியால் இறங்கி, தெவுந்தரை, காலி, கொழும்பு வழியாக அவர் மீண்டும் புத்தளம் சேர்ந்தார். பின்னர் மலபார்க் கரையில் கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களோடு சூழ்ந்து, ஆரியச் சக்கரவர்த்தி தந்த மணிகள் முதல் சகலத்தையும் பறித்தார்கள். காற்சட்டை ஒன்றே மிஞ்சியது. அந்தக் கோலத்தில் கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிப் பள்ளிவாசல் ஒன்றில் நுழைந்தார். ஃபிக்ஹு அறிஞர் ஒருவர் ஓர் ஆடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார்.