குதிகாலால் அமுக்கு

போலீஸ் தேர்வுக்காக விடிகாலையில் ஓடிப் பழகும் பையன்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிறைய. ராஜபாளையம் சிறப்புக் காவல் படையின் பதினோராவது பட்டாலியன் இருக்கிற ஊர், காக்கி மேல் ஆசை வராமல் இருக்குமா? நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதி வழியில் ஒருவன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "நரம்பு இழுத்துருச்சுண்ணே" என்பான். நரம்பு என்று அவன் சொல்வது ஹாம்ஸ்டிரிங், பின்தொடைத் தசை.

வலி அடங்கியபின் பிசியோதெரபிஸ்ட் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கித் தன் தோளில் சாய்ப்பார். இறுக்கம் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, "குதிகாலால் என் தோளை அமுக்குப்பா" என்பார். ஐந்தாறு விநாடி. "இப்ப விடு." விட்டதும் கால் முன்பு முரண்டிய இடத்தைத் தாண்டி மேலே போகும். மூன்று நான்கு தடவை இப்படி.

இந்த முறை பிறந்தது இளம்பிள்ளை வாதம் கண்டவர்களின் கட்டிலோரம். வாதம் தாக்கிய காலைக் கட்டை வைத்து அசையாமல் கட்டிவிடுவது அன்றைய வழக்கம். ஆஸ்திரேலிய நர்ஸ் எலிசபெத் கென்னி கட்டுகளை அவிழ்த்தார். சுடச்சுட நனைத்த கம்பளித் துண்டுகளைச் சுற்றி, தசைகளை அசைத்துப் பழக்கினார். 1940-ல் அமெரிக்கா போனார். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு, கட்டை அவிழ்ப்பதுதான் வைத்தியம் என்று சொன்ன அந்தப் பெண்ணின் துணிச்சல் நன்றாகவே புரியும்.

கென்னியின் முறையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹெர்மன் கபாட். ஒரு தசை சுருங்கினால் எதிர்த்தசை தளரும் என்று 1932-ல் நோபல் பெற்ற ஷெரிங்டன் காட்டியிருந்தார். கபாட் அதைப் பிடித்துக்கொண்டார். மகனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து தவித்த தொழிலதிபர் ஹென்றி கைசர் பணம் போட, 1946-ல் வாஷிங்டனில் கபாட்-கைசர் நிலையம் திறந்தது. நோயாளியின் காலைத் தாங்கி, எதிர்த்து அழுத்தி, முறையைக் கையால் வடித்தெடுத்தவர் மார்கரெட் நாட். அவரும் டோரதி வாஸும் எழுதிய புத்தகம் 1956-ல் வந்தது. இந்த முறைக்கு பி.என்.எஃப் (Proprioceptive Neuromuscular Facilitation) என்ற பெயர் அப்படியே நிலைத்தது. விளையாட்டு வீரர்களிடம் அது வந்தது அதற்கப்புறம்தான்.

தசை அனிச்சையாகத் தளர்வதால் கால் மேலே போகிறது என்றே முதலில் நம்பினார்கள். இழுப்பைத் தாங்கும் மனத்திடமும் சேர்ந்து கூடுகிறது என்கிறார்கள் இன்றைய ஆராய்ச்சியாளர்கள். எப்படியானாலும், நோயாளியே அமுக்க வேண்டும்.

வீட்டில் தோளுக்குப் பதில் ஒரு துண்டு போதும். பாதத்தில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அமுக்கிவிட்டு, தளர்த்தி, மெல்ல இழுக்கலாம். தசை கிழிந்த புதிதில் மட்டும் கூடவே கூடாது தம்பி.