ஜெயித்த பிறகும் காத்திருந்தவர்கள்

பழைய தொழில் தகராறு வழக்குகளைப் படிக்க உட்காரும்போதெல்லாம், சின்ன வயதில் எங்கள் தெருவில் பார்த்த ஒரு மில் தொழிலாளி நினைவுக்கு வருவார். "லேபர் கோர்ட்டுல ஜெயிச்சுட்டேன் தம்பி" என்று என்னிடம் சொன்ன அன்றைக்கும் டீக்கடையில் கடன்தான் சொன்னார். மறுபடி வேலை கொடுக்கச் சொல்லி உத்தரவு. நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. இவர் கையில் இருந்தது காகிதம் மட்டும்.

அந்தக் காகிதத்தைப் பெறுவதே ஒரு காலத்தில் பெரிய பாடு. ஒப்பந்தச் சட்டப்படி, பிடிக்காத ஆளை வேலைக்கு வைத்துக்கொள் என்று முதலாளியை கோர்ட் கட்டாயப்படுத்தாது, அதிகபட்சம் நஷ்டஈடுதான். 1947-இல் தொழில் தகராறுகள் சட்டம் வந்த பிறகும் பம்பாயில் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதே வாதத்தைத்தான் வைத்தது: நீக்கியவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று. 1949-இல் ஃபெடரல் கோர்ட் இதை ஏற்கவில்லை. தொழில் தகராறு என்பதற்கான விளக்கத்தில் 'வேலை கொடுப்பது' மட்டுமல்ல, 'வேலை கொடுக்காதது' பற்றிய தகராறும் இருக்கிறதே, அதற்குள் இதுவும் அடக்கம் என்றது.

சரி, வேலை திரும்பக் கிடைக்கும். நடுவில் போன வருடங்களின் சம்பளம்? தமிழில் 'பின்னூதியம்' என்று எழுதுகிறார்கள். யூனியன் ஆபீஸில் 'பேக் வேஜஸ்'தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஹிந்துஸ்தான் டின் ஒர்க்ஸ். மூலப்பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லி 56 பேரை ஆட்குறைப்பில் அனுப்பியது கம்பெனி. நிர்வாகம் சொன்ன ஒப்பந்தத்துக்குத் தொழிலாளர்கள் இணங்காததுதான் உண்மைக் காரணம் என்று லேபர் கோர்ட் கண்டுபிடித்து, முழுப் பின்னூதியத்தோடு வேலை கொடுக்கச் சொன்னது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பேச்சு பணத்தைப் பற்றி மட்டும்தான்.

1978 செப்டம்பரில் நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பு. நீக்கியது செல்லாது என்றால் அந்த ஆள் எப்போதும் வேலையில் இருந்ததாகத்தானே அர்த்தம்? ஆகவே முழுச் சம்பளம்தான் பொது விதி. குறைக்கணும்னா காரணத்தை முதலாளிதான் காட்ட வேண்டும். கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது என்ற வாதத்துக்குக் கொடுத்த பதில் இன்னும் அருமை: தியாகம் தேவையென்றால் அதைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை, தாங்கக்கூடியவர்கள் அதிகம் தாங்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் கொடுத்தது 75 சதவீதம்! முழுச் சம்பளம் என்ற விதியை நிலைநாட்டிய வழக்கிலேயே முழுச் சம்பளம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள்.

எங்கள் தெருக்காரரின் பிரச்சினை வேறு. அப்பீல் முடியும்வரை என்ன சாப்பிடுவது? அதற்காக வந்ததுதான் 17-பி பிரிவு. 1982-இல் நிறைவேறி, 1984 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுக்கும் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போகும் நிர்வாகம், வழக்கு நடக்கும் காலத்துக்குத் தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். 1984-க்கு முந்தைய உத்தரவுகளுக்கும் இது பொருந்தும் என்று 1986-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. என் கணக்கில், 1949-க்கு அப்புறம் தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். இழுத்தடிப்பதற்கும் செலவு உண்டு என்று ஆனது.

ஆனால் ஒரு நிபந்தனை. வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யணும். பின்னூதியத்திலும் இதே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது: இத்தனை நாள் சும்மா இருந்ததை யார் நிரூபிப்பது? 2000-க்குப் பிறகு சில தீர்ப்புகள் அந்தப் பாரத்தைத் தொழிலாளி பக்கம் தள்ளின. 2013-இல் மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பியது. சம்பாத்தியம் இல்லை என்று அவர் சொன்னால் போதும்; இருந்தது என்றால் நிர்வாகம் காட்டட்டும்.

எங்கள் தெருக்காரர் அந்த நாட்களில் விடியற்காலை அதே டீக்கடையில் வடை சுட்டுக் கொடுப்பார். கூலி ரெண்டு டீ, வீட்டுக்குப் பத்து வடை. பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், இதையும் எழுதணுமா என்று யூனியன்காரரிடம் நிஜமான பயத்தோடு கேட்டாராம்.