பொம்மை ரயில் போட்ட வழக்கு

கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் கோர்ட்டில் செல்லுமா என்று தேடிப் போனால், பலரும் கைகாட்டுவது 2008இல் அமெரிக்காவில் வந்த ஒரு தீர்ப்பை. பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்ட வழக்கா இருக்கும்னு நினைத்துத்தான் படிக்க உட்கார்ந்தேன். பார்த்தால், பொம்மை ரயில்!

பொம்மை என்றால் அந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நிஜ ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி, அறை முழுக்கத் தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் என்று அமைப்பவர்கள் அவர்கள். பழைய முறையில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் நிற்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். 1990களில் டி.சி.சி. என்ற பொது முறை வந்தது. மின்சாரத்தோடு கட்டளைகளும் தண்டவாளத்திலேயே போகும். எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடர் என்ற சின்ன சில்லு, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். கம்ப்யூட்டர் நுழைய அந்த வாசல் போதும். தடம் மாற்றுவது, சிக்னல் போடுவது, ஆள் தொடாமலே வண்டி ஓட்டுவது எல்லாம் அதன் கைக்குப் போயின.

ஆனால் டிகோடரை முதலில் பழக்கணும். எல்லாமே எண்கள்தான். 3ஆம் எண் எவ்வளவு நிதானமாக வேகம் பிடிக்கணும் என்பதற்கு, 4ஆம் எண் எவ்வளவு நிதானமாக நிற்கணும் என்பதற்கு. இப்படிச் சில எண்கள் பொது. மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பாப் ஜேக்கப்சன் என்ற கலிஃபோர்னிய இயற்பியலாளர் தொடங்கிய ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருள் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. அதன் டிகோடர்புரோ பகுதியில் ஒவ்வொரு வகை டிகோடருக்கும் ஒரு கோப்பு உண்டு. தன்னார்வலர்கள் காசு வாங்காமல் உட்கார்ந்து எழுதியவை. பார்க்க வெறும் பட்டியல்தான், ஆனால் மொத்த உழைப்பும் அதில்தான் இருக்கிறது.

இதே துறையில் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்த மாத்யூ கேட்சர், ஜே.எம்.ஆர்.ஐ. தன் பேட்டன்டை மீறுகிறது என்று சொல்லி ஜேக்கப்சனுக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல் பில் அனுப்பினார். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு! 2006 மார்ச்சில் ஜேக்கப்சனே கோர்ட்டுக்குப் போனார். வழக்கின் ஊடே இன்னொன்றும் வெளியே வந்தது: டிகோடர் கோப்புகள் கேட்சரின் மென்பொருளுக்குள் இருந்தன, எழுதியவர்கள் பெயர் இல்லாமல்.

ஆர்டிஸ்டிக் லைசென்ஸ் என்ற அந்த உரிமம் எடுக்கலாம், மாற்றலாம் என்கிறது. பெயரை விட்டுவைக்கணும், எதை மாற்றினாய் என்று சொல்லணும், இப்படிச் சில நிபந்தனைகள்தான். 2007இல் கீழ்க் கோர்ட், உரிமமே இவ்வளவு தாராளமாக இருக்கும்போது இது மிஞ்சிப் போனால் ஒப்பந்த மீறல், பதிப்புரிமை மீறல் ஆகாது என்றது. நியாயமாகப் பார்த்தால் அதுவும் முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: இலவசப் பொருளின் ஒப்பந்தத்தை மீறினால் நஷ்ட ஈடு எவ்வளவு? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. உரிமத்தில் இருந்த 'ப்ரொவைடட் தட்' என்ற இரண்டே சொற்கள் முக்கியமாகிவிட்டன. நம் மொழியில் ஓர் 'ஆல்' விகுதி போதும்: இதைச் செய்தால், எடுத்துக்கொள்ளலாம். செய்யாவிட்டால் அனுமதியே கிடையாது, அப்போது அது பதிப்புரிமை மீறலாகலாம். காசு வாங்காதவருக்கும் காக்க வேண்டிய நலன் உண்டு என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

சும்மா கிடைத்த வெற்றி இல்லை இது. நடுவில் ஒரு கிளைப் பிரச்சினையில் ஜேக்கப்சன் தோற்று, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவைக் கட்ட வேண்டியிருந்தது. கேட்சர் அந்தப் பேட்டன்டைத் தானே கைவிட்டார். 2010 பிப்ரவரியில் சமரசம்: கேட்சர் 18 மாதங்களில் 1 லட்சம் டாலர் கொடுக்கணும், கோப்புகளை இனி தொடக்கூடாது.

படித்து முடித்த கையோடு ஜே.எம்.ஆர்.ஐ.யை இறக்கி ஒரு டிகோடர் கோப்பைத் திறந்தேன். என்னிடம் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மேலே சில வரிகளிலேயே எழுதியவர் பெயர் இருந்தது.