லைனின் வேகத்தை யார் தீர்மானிப்பது?



யூலை என்றால் எங்களுக்கு 83 தான். எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்பே இன்னொரு யூலை வந்திருந்தது. மாதச் சம்பளத்தை 300 ரூபாவால் கூட்டித் தரும்படி கேட்டு 1980 யூலையில் இலங்கையின் அரச ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கையில் எடுத்தது. வேலைக்குத் திரும்பாதவர்கள் தாமாகவே பதவியை விட்டு விலகியவர்கள் என்று சொல்லிவிட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். எழுதுவினைஞராக இருந்த என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் சித்தப்பா காலையில் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். வாசிகசாலையில் இருந்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவார். "சங்கம் சோறு போடாது" என்று அப்பம்மா சொன்னது எங்கள் வீட்டில் ஒரு பழமொழி ஆகிவிட்டது.

அந்தப் பயத்தோடுதான் 1990களின் நடுப்பகுதியில் மெல்பேணில் வந்து இறங்கினேன். வணிகத்துறைப் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. கிடைத்த வேலை ஒரு தொழிற்சாலையில் இரவு சிப்ட். லைனில் வரும் பெட்டிகளை மூடி அடுக்க வேண்டும். ஆள் குறைந்த இரவிலும் லைனின் வேகம் குறையாது. மலசலகூடம் போவதற்கும் சுப்பர்வைசரின் கண்ணில் படும்படி கையை உயர்த்த வேண்டும். மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று சொன்னேன். அடுத்த வாரம் எனக்கு இரண்டு சிப்ட் குறைந்தது. யூனியன்காரர் ஒரு படிவம் தந்தார். பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் அண்ணர் ஒருவர், "தம்பி, உதுக்குள்ள தலையை விடாதை. விசாவுக்குப் பிரச்சினை வரும்" என்றார். நான் படிவத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன். நிரப்பவில்லை.

இந்த நாட்டின் தொழிலாளர் வரலாற்றைப் பல வருடங்கள் கழித்துத்தான் வாசித்தேன். 1855இல் சிட்னியில் கற்கொத்தர்கள் சிலர் எட்டு மணிநேர வேலைநாளைப் பெற்றார்கள், ஆனால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு. மறுவருடம் 1856 ஏப்ரல் 21ஆம் திகதி, மெல்பேண் பல்கலைக்கழகக் கட்டிடத்தில் வேலை செய்த கற்கொத்தர்கள் உளிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாராளுமன்றக் கட்டிடம் வரை ஊர்வலமாகப் போனார்கள். சம்பளம் குறையாமலே எட்டு மணிநேரத்தை வென்றார்கள். விக்ரோறியா வீதியும் ரசல் வீதியும் சந்திக்கும் மூலையில், தொழிற்சங்க மண்டபத்துக்கு எதிரே, 888 என்ற எண்ணோடு நிற்கும் நினைவுத்தூண் அவர்களுடையதுதான். எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு. நகரத்துக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் அந்தத் தூண் முழுக் கதையையும் சொல்லாது. அந்தச் சலுகை பெண்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. சீனத் தச்சர்களைச் சங்கங்கள் எதிரிகளாகவே பார்த்தன. 1901இல் வந்த வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கைக்கும் தொழிற்சங்கங்கள் ஆதரவாக நின்றன. சங்கம் என்றால் எல்லோருக்கும் என்பது பிற்பாடு போராடிப் பெற்ற அர்த்தம்.

அந்தப் போராட்டங்களில் ஒன்று, வெள்ளைக் கொள்கை முற்றாகக் கைவிடப்பட்ட அதே 1973இல் நடந்தது. மெல்பேணின் வடக்கே புரோட்மெடோஸில் இருந்த போர்ட் கார்த் தொழிற்சாலையில் பெரும்பாலானோர் குடியேறியவர்கள்: கிரேக்கர், இத்தாலியர், யூகோஸ்லாவியர், துருக்கியர். மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர்கள் சம்பள உயர்வோடு மட்டும் நிற்கவில்லை. லைனின் வேகத்தையும், மூச்சுவிட இடைவெளி இல்லாததையும், மேற்பார்வையாளர்கள் நடத்திய விதத்தையும் கேள்வி கேட்டார்கள். சில வாரங்களில் சங்கத் தலைவர்களே வேலைக்குத் திரும்பும்படி சொன்னபோது தொழிலாளர் கொதித்துப்போனார்கள். யூன் 13ஆம் திகதி தொழிற்சாலை வாசலில் கண்ணாடிகள் நொறுங்கின. கண்ணாடி உடைப்பதை நான் நியாயப்படுத்த வரவில்லை. தம்முடைய நிர்வாகமும் தம்முடைய சங்கமும் ஒரே நேரத்தில் காது கொடுக்காமல் போனால் மனிதர் என்ன செய்வார்கள் என்பதை அந்த நாள் காட்டியது. 2016இல் போர்ட் இங்கே கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

நான் கணக்காளன். லைனை வேகமாக ஓட்டினால் அந்த மாதக் கணக்கில் இலாபம் ஏறும். வீங்கிய மணிக்கட்டுக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. அது பிறகு நட்டஈடாகவும், விட்டுப்போனவருக்குப் பதிலாகப் புது ஆளைப் பழக்கும் செலவாகவும் வேறு தலைப்புகளில் வந்து சேரும். 1985இல் இலண்டனில் மைக்கல் மார்மட் தலைமையில் தொடங்கிய ஆய்வு 10,308 அரச ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. தம் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தமக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இருதய நோய் கூடுதலாக வந்ததை அது கண்டது. புரோட்மெடோஸ் தொழிலாளருக்கு அது ஆய்வில்லாமலே தெரிந்திருந்தது.

இன்று எங்கள் மகன் ஒரு களஞ்சியத்தில் பகுதிநேரம் வேலை செய்கிறான். அங்கே லைன் இல்லை. கையில் ஒரு ஸ்கானர், அது மணிக்கு எத்தனை பொருள் எடுத்தான் என்று எண்ணுகிறது. போன மாதம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா, சேரட்டோ?" என்று கேட்டான். அண்ணர் சொன்ன அதே வசனம் என் வாய்வரை வந்தது.

இந்த நாட்டில் சங்கத்தில் சேருவதும் சேராமல் விடுவதும் அவரவர் உரிமை. சேர்ந்ததற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவது 2009ஆம் ஆண்டின் நியாய வேலைச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட செயல். எந்த விசாவில் இருந்தாலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2023இல் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 சனவரி முதலாம் திகதியிலிருந்து குற்றவியல் குற்றம். இணைப்பு விசாவில் இருந்துகொண்டு கையில் காசாக வாங்கி வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மகனுக்குச் சித்தப்பாவின் கதையையும் சொன்னேன், கற்கொத்தர்களின் கதையையும் சொன்னேன். பயப்படுவதற்கு எங்களுக்குக் காரணம் இருந்தது என்பது அவனுக்குத் தெரியவேண்டும். அந்தக் காரணம் இந்த மண்ணுடையது அல்ல என்பதும் தெரியவேண்டும். அவன் படிவத்தை நிரப்பி, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடமே தந்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிந்தி, நான் அந்தப் படிவத்தை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன்.