புகார்ப் பெட்டியும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். "அங்க புகார்ப் பெட்டி இருந்துச்சாக்கா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். சிரித்துவிட்டார். "இருந்துச்சு தம்பி. சீட்டு எழுதிப் போட்டா கையெழுத்தை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. யாரு போடுவா?"

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

1990களில் இந்தோனேசிய ஷூ தொழிற்சாலைகளின் கூலி பற்றிய செய்திகள் வெளியாகி நைக் நிறுவனத்தின் பெயர் கெட்டது. 1992இல் அது தன் சப்ளையர்களுக்கு நடத்தை விதிகள் வகுத்தது. மற்ற பிராண்டுகளும் அதே வழியில் போயின. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டி ஆக்ஸ்ஃபாமும் தொழிற்சங்கங்களும் 'பிளே ஃபேர்' என்ற பிரசாரம் நடத்தி, விளையாட்டு உடை தைப்பவர்களின் நிலையைப் பேசவைத்தன. ஆனால் விதிகள் எல்லாம் பிராண்டு தானாக ஏற்றுக்கொண்டவை. மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆய்வுக்கு ஆள் வருவார், சுவரில் விதி ஒட்டியிருக்கிறதா, பெட்டி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இதை மாற்றிய சம்பவம் நமக்குப் பக்கத்திலேயே, வாடிப்பட்டியிலிருந்து வடக்கே போனால் வரும் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 2021 ஜனவரியில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலையானார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்தப் பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனின் உறுப்பினர். தலித் பெண்கள் பெருவாரியாக உள்ள, பெண்களே நடத்தும் சங்கம் அது. தலைவர் திவ்யராகினி.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால் போதும் என்று சங்கம் நிற்கவில்லை. துணி வாங்குகிறவனும் பொறுப்பேற்கணும் என்றது. ஆசிய ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற அமைப்புகள் கைகோத்தன. ஓராண்டுக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேனும் ஹெச் அண்ட் எம்மும் முதலில். பிறகு கேப், பிவிஹெச் நிறுவனங்கள். விளையாட்டு உடைக்கென்று தனியாகப் போட்டதல்ல இது. ஆனால் அத்லீட்டா என்ற விளையாட்டு உடை பிராண்டு கேப்புடையதுதான்.

பழைய விதிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இது சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆலை மீறினால் பிராண்டு வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாடும் இதில் வருகிறது. பாலின வன்முறைக்கு எதிராக இப்படி ஒரு ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதல். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: 25 தொழிலாளிக்கு ஒரு கண்காணிப்பாளர். சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த தொழிலாளிதான் அவர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

2022 ஜூலையில் நாச்சி அப்பேரலின் சரக்குகளுக்கு அமெரிக்க சுங்கத்துறை தடை போட்டது. செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. இந்த ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களும் அதற்கு ஒரு காரணம். ஆக, சங்கத்தை உள்ளே விட்டதால் கம்பெனிக்கும் நட்டமில்லை.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பக்கத்து மிஷின்ல இருக்கிற பிள்ளைகிட்ட சொன்னாப் போதும்ங்கிறியா?"

"ஆமாக்கா."

"அப்படின்னா நானும் சொல்லியிருப்பேன்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.